மூன்று தாள் படம்

9 அக்டோபர் 1943, சனி

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். தமிழ் தெரிந்தவராக இருந்தால் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். தெரியாதவராக இருந்தால், இது ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் வீட்டுப்பாடம். இதில் ஒன்றும் இல்லை.

பள்ளியில் ஜப்பான்காரர்கள் தங்கள் கணக்குப்படி 2603 என்று ஆண்டு போடச் சொல்கிறார்கள். இந்தத் தாள்கள் அவர்கள் கண்ணில் படக்கூடாதவை. அதனால் பழையபடி 1943 என்றே போடுகிறேன்.

என் பெயர் அஞ்சலை. அப்பா மலாய் நாட்டுக் கோலா சிரே துறைமுகக் கிடங்கில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். மே மாதம் ஒரு லாரி வந்து அப்பாவையும் அண்ணனையும் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனது. சீக்கிரம் அனுப்பிவிடுவோம் என்றார்கள். போன மாதம் அண்ணன் மட்டும் வந்தான். அவர்கள் அனுப்பி வரவில்லை, ஓடி வந்துவிட்டான். ஓடி வந்தவர்களைப் பிடித்தால் என்ன செய்கிறார்கள் என்பதை மார்க்கெட் முனையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதை எழுத மாட்டேன்.

அண்ணன் பரணில் இருக்கிறான். பரண் முன்னறைக்கு நேர் மேலே. முன்னறையில் மொரிமோட்டோ துரை குடியிருக்கிறார். ஜூன் மாதமே அந்த அறையை எடுத்துக்கொண்டார். ஜப்பான்காரர், ஆள் சேர்க்கும் ஆபீசில் அதிகாரி. அந்த லாரி அவருடைய ஆபீசிலிருந்துதான் வந்தது.

பகலெல்லாம் வாயை மூடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவின் பழைய கிடங்குத் தாள்களின் பின்பக்கம் காலியாக இருக்கிறது. எழுதி முடித்ததும் மரவள்ளிக் கூடைக்கு அடியில் வைத்துவிடுவேன்.

11 அக்டோபர், திங்கள்

இன்று பள்ளியில் அடி. ஜப்பானிய வாசகப் புத்தகத்தை நம் புத்தகம் போல இடப்பக்கத்து அட்டையைத் தூக்கித் திறந்துவிட்டேன். அவர்களுக்கு அது கடைசிப் பக்கம். மேற்பார்வை பார்க்க மொரிமோட்டோ துரை வந்திருந்தார். அவர் அடிக்கவில்லை, அடித்தது டீச்சர். துரை என் புத்தகத்தை வாங்கித் திருப்பி வைத்தார். "நீ முடிவில் ஆரம்பிக்கிறாய்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் அவர் அறைக்கு வெந்நீர் கொண்டுபோனேன். மேஜையில் படங்களைப் பரப்பி வைத்திருந்தார். மரக்கட்டையில் செதுக்கி மையைத் தடவித் தாளில் ஒற்றி எடுத்தவையாம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கட்டை. ஒரு மயிரிழை நகர்ந்தாலும் நீலம் கரையை விட்டு வெளியே வந்துவிடும் என்றார். மலாயும் ஜப்பானியமும் கலந்து பேசுவார். எனக்குப் புரிந்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

பனி மூடிய ஒரு மலை. தலை வாருகிற ஒரு பெண். யானை மாதிரி இரண்டு மல்யுத்தக்காரர்கள். ஒரு நாடக நடிகன் இரண்டு கண்ணையும் மூக்குக்குக் கொண்டுவந்து முறைத்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துரையும் சிரித்தார். அப்புறம்தான் யாரோடு சிரிக்கிறேன் என்பது உறைத்தது. வெந்நீர்ச் செம்பை வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

12 அக்டோபர்

மரவள்ளிக்கிழங்கு. நேற்றும் மரவள்ளிக்கிழங்கு.

14 அக்டோபர், வியாழன்

துரை ஆபீஸ் போனதும் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோய், கீழே பார்த்த படங்களையெல்லாம் சொல்வது என் வேலையாகிவிட்டது. அவனுக்கு அந்த இருட்டில் வேறு என்ன இருக்கிறது?

நடிகனைப் பற்றிச் சொன்னேன். அதே மாதிரி கண்ணைச் சுருட்டிக் காட்டினான். கன்னம் ஒட்டிப்போன முகத்தில் அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனாலும் சிரித்தேன்.

"என்ன ஜப்பான் மருமகளே, இன்னிக்கி வேற என்ன காட்டுனான் ஒங்க தொரை?"

"மழை. கம்பி கம்பியா கோடு போட்டிருக்கு. அதுல ஜனங்க ஓடுறாங்க."

"கோடு போட்ட மழையா? அங்க வந்து பாக்கச் சொல்லு மழைய." அப்புறம் கேட்டான். "அதுல மூங்கில் இருக்கா, குட்டி?"

"ஒரு படத்துல இருக்கு."

"அந்தப் படத்தை எனக்குச் சொல்லாத."

அவன் காலில் இருக்கும் புண் மூங்கில் கிழித்ததுதான். முழங்காலுக்குக் கீழே ஒரு கைப்பிடி அளவு சதையே இல்லை. அம்மா தினமும் மஞ்சளை அரைத்துப் பற்றுப் போடுகிறாள்.

அண்ணன் இடுப்பில் அப்பாவின் பெல்ட் இருக்கிறது. அப்பா எப்படிக் கொடுத்தார் என்று கேட்டேன். "கால்சட்டை நிக்கலன்னு குடுத்தாரு" என்றான். அப்பாவுக்கு மட்டும் கால்சட்டை நிற்க வேண்டாமா? அப்பா எப்போதும் அப்படித்தான், தனக்கு இல்லாமல் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அம்மா குங்குமம் வைப்பதில்லை. கேட்டால் தீர்ந்துபோச்சு என்கிறாள். சண்டைக் காலத்தில் எதுதான் கிடைக்கிறது?

16 அக்டோபர், சனி

காலையில் துரை கேட்டார். "இரவில் மேலே ஏதோ நடக்கிறது."

அம்மா துடைப்பத்தை வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு வாயில் வந்தது, "பூனை."

"ஓ. பூனை."

மாலையில் என்னைக் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினார். ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து வெளியே பார்க்கும் ஒரு வெள்ளைப் பூனை. "உங்கள் பூனை இந்த அளவு இருக்குமா?" என்று கேட்டார். "கொஞ்சம் பெரிசு" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். "பெரிய பூனை மெதுவாக நடக்கப் பழக வேண்டும்."

இதை அண்ணனிடம் சொன்னதிலிருந்து அவன் புரண்டுகூடப் படுப்பதில்லை.

17 அக்டோபர், ஞாயிறு

சந்தையில் ஒரு கிழவர் மொரிமோட்டோ துரைக்குக் குனிந்து வணங்கவில்லை என்று துரை அவரைக் கன்னத்தில் அறைந்தார். பார்த்துக்கொண்டே நின்றேன். சாயங்காலம் அதே கையால் படத்தின் ஓரத்தைப் பூவைப் பிடிப்பது போலப் பிடித்துக் காட்டினார்.

பேய்ப் படம். அவிழ்ந்த கூந்தலோடு ஒரு பெண், இடுப்புக்குக் கீழே வெறும் புகை.

"எங்கள் பேய்களுக்குக் கால் கிடையாது" என்றார். "படம் பார்க்கும்போது முதலில் காலைப் பார். கால் இருந்தால் மனிதன். அவன் எங்கே போகிறான் என்பதையும் கால்தான் சொல்லும். முகம் பொய் சொல்லும்."

அவர் நல்ல மனநிலையில் இருப்பது போலத் தெரிந்தது. கேட்டுவிட்டேன். "என் அப்பா ரெங்கசாமி கிராணி. சயாமுக்குப் போனவர். எப்போது வருவார் என்று உங்கள் ஆபீசில் தெரியுமா?"

அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "கேட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

கேட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னார்! அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை.

19 அக்டோபர், செவ்வாய்

மத்தியானம் அண்ணன் காலைக் கழுவும்போது தகரக் குவளை சாய்ந்துவிட்டது. மஞ்சள் கரைந்த தண்ணீர் பலகை இடுக்கு வழியாகக் கீழே போனது. கீழே துரையின் மேஜை. மேஜையில் அந்தப் பனி மலைப் படம். வெள்ளைப் பனியின் நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம். துடைத்தால் தாள் கிழிந்துவிடும் போல இருந்தது. அப்படியே விட்டுவிட்டோம். துரை சீக்கிரமே வந்துவிட்டார்.

"இது என்ன?"

"மழை ஒழுகியிருக்கும், தொரை" என்றாள் அம்மா.

அவர் வெளியே பார்த்தார். வெயில் சுட்டுக்கொண்டிருந்தது. குனிந்து தாளை முகர்ந்தார். "உங்கள் மழைக்கு மஞ்சள் வாசனை." பிறகு மேலே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த வீட்டில் யாருக்குக் காயம்?"

"எனக்குத்தான், தொரை. கால்ல. பரண்ல வெறகு எடுக்க ஏறுனேன், அங்கதான் கட்டு மாத்துனேன்" என்றாள் அம்மா. "இருங்க, வந்து காட்டுறேன்."

சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கெண்டைக்காலில் துணி சுற்றியிருந்தது, துணியில் மஞ்சள். மஞ்சளுக்கு மேலே சிவப்பு ஊறிக்கொண்டே வந்தது. காலையில் அம்மாவின் காலில் ஒன்றும் இல்லை. அரிவாள்மணையை அப்புறம் நான்தான் கழுவினேன்.

துரை அந்தக் காலைப் பார்த்தார். தன் பெட்டியைத் திறந்து ஒரு மருந்து டப்பாவையும் ஒரு பெரிய கட்டுத்துணிச் சுருளையும் எடுத்து என் கையில் கொடுத்தார். அம்மாவின் காயத்துக்கு இவ்வளவு மருந்து எதற்கு என்று தெரியவில்லை. அண்ணனுக்குப் போட்டோம். ராத்திரி அவன் முனகவில்லை.

20 அக்டோபர்

யாரும் வரவில்லை. லாரிச் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுகிறேன்.

23 அக்டோபர், சனி

மொரிமோட்டோ துரைக்கு மாற்றலாகிவிட்டது. திங்கட்கிழமை கிளம்புகிறார். அம்மாவைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "வியாழக்கிழமை இந்த அறைக்கு வேறு ஆள். ராணுவத்தார். வீடு முழுவதையும் பார்ப்பார். பூனை பிடிக்காதவர்."

அம்மா அன்றைக்கே மீன் வாங்குகிற சாக்கில் பாக் மாட்டைப் பார்க்கப் போனாள். மலாய்க்காரர், அப்பாவின் பழைய சிநேகிதர், சம்பான் படகு வைத்திருக்கிறார். புதன் இரவு, அமாவாசையை ஒட்டிய இருட்டு, ஆற்றில் கடல் வெள்ளம் ஏறும் நேரம். வீட்டுக்குப் பின்னாலுள்ள சதுப்பு வரை படகைக் கொண்டுவந்து பின்கதவைச் சுரண்டுவார். மூன்று பேரும் கடலுக்கு நடுவே இருக்கும் தீவுக்குப் போய்விட வேண்டியது. அங்கே கருவாட்டுக் கொட்டகையில் சின்னம்மாவும் சித்தப்பாவும் இருக்கிறார்கள்.

"அப்பா வந்தா?" என்று கேட்டேன். "நாம இல்லன்னா எங்க தேடுவாரு?"

"வாய மூடிட்டுத் துணிய மடி, அஞ்சல."

25 அக்டோபர், திங்கள்

துரை போய்விட்டார். விடியற்காலையிலேயே போய்விட்டார், யாரிடமும் சொல்லவில்லை.

அறையைப் பெருக்கப் போனபோது சுவரில் படம் இருந்தது. மூன்று தாள், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குண்டூசி குத்தியிருந்தார். மூன்றும் சேர்ந்து ஒரே காட்சி. கீழே மேஜையில் அவர் எடுத்து வைத்திருந்த என் ஜப்பானிய வாசகப் புத்தகம், அதன்மேல் உள்ளங்கை அளவு வெள்ளைத் தாள். அதில் எனக்குப் படிக்க வரும் எளிய ஜப்பானிய எழுத்தில் அவர் எழுதியது: 'அஞ்சலைக்கு. நீ கேட்டதற்கு.'

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் தாளில் ஒரு நாணல் கரை, அதில் ஒரு படகு. நடுத்தாளில் மழை, மரப்பாலம், பாலத்தின்மேல் பெரிய ஓலைத்தொப்பி போட்ட ஓர் ஆள், மூட்டையோடு. தொப்பி முகத்தை மறைத்துவிட்டது. கடைசித் தாளில் ஒரு வீடு. கதவு திறந்திருக்கிறது, உள்ளே விளக்கு எரிகிறது. வாசலில் ஒரு ஜோடி மரச்செருப்பு. வந்தவர் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்!

படகு, பாலம், வீடு. அப்பா வருகிறார். எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று துரை படமாகச் சொல்லியிருக்கிறார்.

அண்ணனிடம் போய் ஒவ்வொரு தாளாகச் சொன்னேன். "குட்டி, அப்பா..." என்று ஆரம்பித்தான். பிறகு என் தலையில் கையை வைத்து, "போ, போய்த் தூங்கு" என்றான். சந்தோஷத்தில் பேச வரவில்லை போலிருக்கிறது.

அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பா வருவார் என்றாலே எழுந்து போய்விடுகிறாள்.

26 அக்டோபர், செவ்வாய்

அம்மா என்னிடம் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து பாக் மாட்டிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். நாளைக்கு உறுதி என்று அர்த்தமாம். அவருக்குத் தெரியுமாம்.

போனேன். பேசவேண்டியதைப் பேசினேன். வந்துவிட்டேன்.

எலுமிச்சம்பழம் என் பாவாடை மடிப்பில் இருக்கிறது. அதன் வாசனை தாளெல்லாம் ஏறிவிட்டது.

27 அக்டோபர், புதன்

நாளைக்குத் தீபாவளி. தேய்த்துக் குளிக்க ஒரு கரண்டி எண்ணெய் கிடையாது.

இன்று பள்ளியில் புதிதாகப் படக்கதைப் புத்தகம் கொடுத்தார்கள். மறுபடியும் அதே தப்பைச் செய்தேன், கதையை இடப்பக்கத்திலிருந்து சொன்னேன். டீச்சர் இந்த முறை அடிக்கவில்லை. "என்ன அஞ்சலை, வீட்டுக்குப் போய்ச் சேந்தவன மறுபடி காட்டுக்கே அனுப்புறியா? வலது பக்கத்துலேருந்து பாரும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது.

வீட்டுக்கு ஓடிவந்தேன். அம்மா என்னை விடவில்லை. துணி கட்ட வேண்டும், அண்ணனை இறக்க வேண்டும், அக்கம்பக்கம் யாருக்கும் தெரியாமல் எல்லாம் செய்ய வேண்டும். இப்போதுதான் முன்னறைக்கு வந்தேன். சாலையைப் பார்த்துக்கொண்டிரு என்று அம்மாதான் அனுப்பினாள். விளக்கைச் சுவர்ப்பக்கம் பிடித்தேன்.

காலைப் பார்த்தேன்.

பாலத்தின்மேல் போகிற ஆளுக்குக் கால் இருக்கிறது. செருப்பு இல்லை. செருப்பு வாசலிலேயே கிடக்கிறது. மாட்டக்கூட நேரமில்லாமல் வெறுங்காலோடு ஓடுகிறான். கட்டைவிரல் இரண்டும் இடப்பக்கம் பார்க்கின்றன. படகைப் பார்க்கின்றன.

வலப்பக்கம்தான் முதல். வீடு, பாலம், படகு.

நான் அப்பாவைக் கேட்டேன். துரை இதைப் பதிலாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வருகிறவர் யாரும் இல்லை, இருப்பவர்கள் போய்விடுங்கள் என்று. பெல்ட். குங்குமம். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கும்தான் தெரிந்திருக்கிறது.

அம்மா பின்கதவில் காதை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் பெல்ட்டை இறுக்கிக் கட்டி, அம்மாவின் தோளில் சாய்ந்திருக்கிறான். "வெள்ளம் ஏற நேரமாகுது போல, வந்துருவாரு" என்று அவனிடம் மெல்லச் சொல்கிறாள். எனக்கு வாய் திறக்கவில்லை. மூன்று முறை போய் நின்றுவிட்டு வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். இவ்வளவு நாள் யாரும் பார்க்கக்கூடாது என்று எழுதியதைக் கொண்டுபோய் அம்மாவின் கையில் கொடுக்கப் போகிறேன். அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவளுக்குப் புரியும்படி பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

அம்மா, பாக் மாட் வரமாட்டார். நான் பழத்தைக் கொடுக்கவில்லை. தீபாவளி கழித்து வருகிறோம், நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் படகு என் கையில் இருக்குமோ என்னமோ என்றார். பரவாயில்லை என்று சொன்னேன். அப்பா வந்து கதவைத் தட்டும்போது நாம் வீட்டில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். என்னை அடி. அப்புறம் அடி. இப்போது அவர் சம்பான் மார்க்கெட் கரையில்தான் கட்டியிருக்கும், வெள்ளம் இன்னும் இறங்கவில்லை, சதுப்பு வழியாக நான் ஓடிப்போய்க் கூட்டிவருகிறேன். பழமும் என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் இருவரும் அதற்குள் மெதுவாக

சாலையில் லாரி நின்றது.

வியாழக்கிழமை என்றுதானே சொன்னார்

முன்கதவைத் தட்டுகிறார்கள். அப்பா விரல் முட்டியால்தான் தட்டுவார், மெதுவாக. இது